அம்மாவுக்கு சி.ஓ.பி.டி.: எந்த மூச்சுப் பயிற்சி உதவும், எது உதவாது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் அம்மாவுக்கு 58 வயது, பண்ருட்டி பக்கம் கிராமம். பல வருடம் முந்திரி வறுக்கிற இடத்தில் வேலை பார்த்தவர், வீட்டிலும் விறகடுப்புதான். பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. மூச்சு வாங்குகிறது என்று காட்டப் போனதில் சி.ஓ.பி.டி. (காற்றுக்குழாய்கள் அடைபட்டுப்போகிற நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். மகன் புதுச்சேரியில் வேலை பார்க்கிறார், வீடியோக்கள் பார்த்து பிராணாயாமம், பலூன் ஊதுவது, மூன்று பந்து கருவி என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார். இதையெல்லாம் செய்தால் நுரையீரல் பழையபடி ஆகுமா, அப்படி ஆகிவிட்டால் இன்ஹேலரை நிறுத்திவிடலாமா என்பதுதான் கேள்வி.

நான் கடலூரில் பிசியோதெரபிஸ்ட். முந்திரிக் கொட்டை வறுக்கிற புகை தொண்டையில் எப்படி இறங்கும் என்று அந்தப் பக்கம் போய்வந்த யாருக்கும் தெரியும், ஓட்டிலிருந்து வழிகிற எண்ணெய் எரிகிற புகை அது, கண்ணும் சேர்ந்து எரியும். அந்தப் புகையில் வருடக்கணக்கில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து விறகடுப்பிலும் ஊதாங்குழலை வைத்து ஊதிய பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். இவர்களில் பலருக்கு, "நான் பீடி குடிக்கலையே, எனக்கு எப்படி இது வந்தது" என்ற வருத்தம் நோயைவிடப் பெரிதாக இருக்கிறது. அதனால் அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள் தம்பி: அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. சமையல் புகையும் வேலையிடத்துப் புகையும் மட்டுமே போதும் இந்த நோய் வருவதற்கு.

சரி, நேராகப் பதிலுக்கு வருகிறேன். நுரையீரல் பழையபடி ஆகாது. இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. ஆனால் இன்றைக்குத் தெருமுனை வரை போய் வந்தாலே மூச்சு வாங்குகிறவர், சரியாகப் பழகினால் இரண்டு மூன்று மாதத்தில் கடைத்தெருவரை போய் வர முடியும், இது நான் ஆறுதலுக்குச் சொல்வதில்லை. பிளந்துபோன காற்றறைகளை எந்தப் பயிற்சியும் திரும்பக் கட்டித் தராது. மூச்சுத் தசைகள், மூச்சின் வேகம், நடக்கிற கால்கள், மூச்சு முட்டும்போது வருகிற பயம், இவை நான்கையும் மாற்ற முடியும். அம்மாவுக்கு அன்றாடம் கஷ்டம் கொடுப்பதில் பெரும்பகுதி இந்த நான்கில்தான் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிற இடம் ஒன்று உண்டு. மூச்சு வாங்கினால் காற்று போதவில்லை, அதனால் நன்றாக இழுக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். சி.ஓ.பி.டி.யில் பிரச்சினை வெளியே விடுவதில். சிறிய காற்றுக்குழாய்கள் தளர்ந்துபோயிருப்பதால், மூச்சை விடும்போது பாதியிலேயே மூடிக்கொள்கின்றன, பழைய காற்று உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஆரோக்கியமான ஆளுக்கே முழுக்க ஊதித் தள்ளிய பிறகும் ஒன்றேகால் லிட்டர் அளவுக்குக் காற்று உள்ளே மிஞ்சும், இவர்களுக்கு அது இன்னும் அதிகம். காலை நேரத்து டவுன் பஸ்ஸில் இறங்க வேண்டியவர்கள் இறங்கவே இல்லை என்றால், ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் எவ்வளவு முண்டியடித்தாலும் ஏற முடியாது அல்லவா, அதே நிலைமைதான். பயந்துபோய் வேகவேகமாக இழுக்க இழுக்க விடுவதற்கு நேரம் இன்னும் குறைகிறது, நெஞ்சு இன்னும் உப்புகிறது, அடியில், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற முக்கிய மூச்சுத் தசையான உதரவிதானம் தட்டையாக அழுந்தி வேலை செய்ய முடியாமல் போகிறது. பிறகு கழுத்துத் தசைகளும் தோள்களும்தான் இழுக்கின்றன, அதனால்தான் இவர்களுக்குக் கழுத்து நரம்பு புடைத்து, தோள் காதுக்கு ஏறி நிற்கும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி காற்று மூக்கு, தொண்டை, குழாய்களோடு நின்றுவிடும், ரத்தத்தோடு கலக்கிற இடத்துக்குப் போவதே இல்லை. நிமிடத்துக்கு 20 தடவை 300 மில்லி வீதம் மேலோட்டமாக மூச்சு விட்டால் மொத்தம் 6 லிட்டர், ஆனால் உபயோகமாவது 3 லிட்டர்தான். அதே 6 லிட்டரை 10 தடவையில் 600 மில்லி வீதம் விட்டால் உபயோகம் 4.5 லிட்டர். அதாவது மூச்சு மெதுவானாலே கையில் நிற்பது கூடுகிறது. அம்மாவுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது, போக்கு இதுதான்.

அதனால் முதல் பயிற்சி உதட்டைக் குவித்து விடுவது. இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தாலே போதும், மற்றதெல்லாம் அப்புறம். நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள், தோளைத் தளர்த்தி, கைகள் தொடைமேல். வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாகச் சாதாரணமாக இழுக்க வேண்டும், இரண்டு எண்ணுகிற நேரம், பெரிய மூச்சு வேண்டாம். பிறகு சூடான டீயை ஆற்றுகிற மாதிரி உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும்வரை நிதானமாக விட வேண்டும். குவிந்த உதடு வெளியே போகிற காற்றுக்கு ஒரு சின்னத் தடை கொடுக்கிறது, அந்தத் தடையால் உண்டாகிற அழுத்தம் உள்ளே குழாய்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது, மாட்டியிருந்த காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. கன்னம் உப்பினாலோ, விடுகிற கடைசியில் வயிற்றை எக்கித் தள்ளினாலோ அழுத்தி ஊதுகிறார்கள் என்று அர்த்தம், அது வேண்டாம். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள், காற்று கடைசிவரை ஒரே சீராகக் கையில் பட வேண்டும். ஆரம்பத்தில் பலர் முதல் நொடியிலேயே எல்லாவற்றையும் புஸ்ஸென்று விட்டுவிட்டு மீதி மூன்று எண்ணும்வரை உதட்டை மட்டும் குவித்து வைத்திருப்பார்கள், கை வைத்தால் அது தெரிந்துவிடும்.

மூச்சு நன்றாக இருக்கிற நேரத்தில்தான் பழக வேண்டும். காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம். மூச்சு முட்டுகிற நேரத்தில் புதிதாக எதையும் யாராலும் கற்றுக்கொள்ள முடியாது, அந்த நேரத்தில் பழகிய பழக்கம்தான் கைகொடுக்கும்.

பழகியதும் இதை வேலையோடு சேர்க்க வேண்டும், இந்தப் படியைத்தான் வீடியோக்கள் விட்டுவிடுகின்றன. விதி ஒன்றுதான்: கஷ்டமான அசைவு எதுவோ அதைச் செய்யும்போது மூச்சை வெளியே விட வேண்டும். கோலம் போடக் குனிகிறாரா, குனியும்போது விடட்டும். தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதற்கு முன்னால் இழுத்துக்கொண்டு, தூக்கும்போது விடட்டும். பஸ் படி உயரம், அங்கேதான் பலருக்கு மூச்சு நின்றுவிடும், பதற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி, உள்ளே போய் கம்பியைப் பிடித்தபடி வாயைத் திறந்து இரைப்பார்கள். பண்ருட்டியிலிருந்து வருகிற ஒரு அம்மாவுக்கு எங்கள் கிளினிக் வாசற்படியையே வைத்துப் பழக்கினேன்: கீழே நின்று மூக்கில் இழு, கால் வைத்து ஏறும்போது குவித்து விடு, அடுத்த படிக்கு முன்னால் நில். பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுத்துவார்களே என்று கூச்சப்பட்டார், இரண்டு நொடிதான், நிற்கட்டும் என்றேன். பல்லை விளக்கும்போது, தலை வாரும்போது, கை மேலே போகிற எந்த வேலையிலும் மூச்சு வாங்கும், அதெல்லாம் உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றிச் செய்யலாம்.

திடீரென்று முட்டினால் படுக்க வைக்காதீர்கள், நம் வீடுகளில் உடனே அதைத்தான் செய்வோம். உட்கார்ந்து முன்பக்கம் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையிலோ மேசையிலோ ஊன்றச் சொல்லுங்கள். கை ஊன்றினால் தோள்தசைகள் மூச்சுக்கு உதவும், வயிறு முன்னால் தளர்ந்து உதரவிதானத்துக்கு இடம் கிடைக்கும். முகத்துக்கு நேராகச் சின்ன விசிறியோ டேபிள் ஃபேனோ வைத்தாலும் மூச்சுமுட்டும் உணர்வு குறையும்.

வயிற்று மூச்சு பற்றி எல்லோரும் சொல்வார்கள். நல்ல பயிற்சிதான், சாதாரண மூச்சில் பெரும்பங்கு வேலையை உதரவிதானம்தான் செய்கிறது, பதற்றத்தால் மேல்மூச்சு விடுகிறவர்களுக்கும், ஆபரேஷன் ஆனவர்களுக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கும் நான் தாராளமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் நெஞ்சு உப்பிப்போய் உதரவிதானம் தட்டையாகிவிட்ட தீவிர சி.ஓ.பி.டி.யில் வயிற்றைத் தள்ளித் தள்ளி மூச்சு விடச் சொன்னால் சிலருக்கு மூச்சு வாங்குவது கூடத்தான் செய்கிறது. அம்மா எந்த நிலையில் இருக்கிறார் என்பது ஸ்பைரோமெட்ரி (ஊதச் சொல்லி நுரையீரலை அளக்கிற சோதனை) ரிப்போர்ட்டையும் அவரையும் நேரில் பார்த்தால்தான் தெரியும், அதுவரை இதை வற்புறுத்த வேண்டாம்.

மூன்று பந்து கருவி. மெடிக்கல் ஷாப்பில் எளிதாகக் கிடைக்கும், அதில் 600, 900, 1200 என்று போட்டிருக்கும், நொடிக்கு அத்தனை மில்லி காற்று போனால் அந்தப் பந்து எழும்பும். முதல் விஷயம், அது ஊதுவதற்கானது இல்லை, இழுப்பதற்கானது. வாங்கிப்போய் வாரக்கணக்கில் ஊதிக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர், தலைகீழாகப் பிடித்து ஊதினால் பந்து எழும்பத்தான் செய்யும், அதனால் சந்தேகமும் வராது. இரண்டாவது, மூன்று பந்தும் டக்கென்று மேலே போய் விழுவது சாதனை இல்லை. ஒன்றோ இரண்டோ பந்தை மேலேயே சில நொடி நிறுத்திவைக்கிற மெதுவான நீளமான இழுப்புதான் நுரையீரலின் அடிப்பகுதியை விரிக்கும். மூன்றாவது, இது முக்கியமாக ஆபரேஷனுக்குப் பிறகு, வலியால் மேலோட்டமாக மூச்சு விட்டு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடாமல் இருக்கக் கொடுப்பது. அம்மாவின் பிரச்சினை விடுவதில் என்று மேலே சொன்னேன், அவருக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. பணத்தை ஒரு நல்ல ஸ்பேசருக்கு, அதாவது பம்ப் இன்ஹேலரோடு மாட்டுகிற குழலுக்கு, வைத்துக்கொள்ளுங்கள்.

பலூன் வேண்டவே வேண்டாம். அதை முதலில் உப்ப வைக்க நெஞ்சுக்குள் நிறைய அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது, நுரையீரலில் கொப்புளம் மாதிரி மெலிந்த பகுதிகள் உள்ளவர்களுக்கும் பி.பி., குடலிறக்கம், கண் அழுத்தம் உள்ளவர்களுக்கும் அது நல்லதில்லை.

பிராணாயாமத்தைப் பற்றி நம் ஊரில் சொல்லாமல் போக முடியாது. சுவாமி கீதானந்தகிரி, அவர் ஒரு மருத்துவரும்கூட, 1968இல் புதுச்சேரியில் ஆனந்தா ஆசிரமம் தொடங்கி, நுரையீரலின் கீழ், நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியாக விரிக்கிற அதம, மத்தியம, ஆத்ய பிராணாயாமங்களைக் கற்றுக்கொடுத்தார், நெஞ்சுக்கான பிசியோதெரபியில் நாங்கள் கை வைத்துச் சொல்லித்தருவதும் கிட்டத்தட்ட இதுதான். ஜிப்மரில் உடலியங்கியல் துறையினர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரம் யோகா பயின்ற மாணவர்களுக்கு மூச்சை இழுக்கிற விசையும் ஊதித் தள்ளுகிற விசையும் நன்றாகவே கூடியிருந்தது. 2008இல் அங்கே யோகா சிகிச்சைக்கென்றே ஒரு மையமும் தொடங்கினார்கள். ஆக, இதில் சத்து இருக்கிறது, நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள், அவர்களின் தசை வலுத்ததை வைத்து 58 வயதில் நோயுள்ள நுரையீரல் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எது சரி, எது வேண்டாம் என்று பிரித்துச் சொல்கிறேன். நாடி சுத்தியை, அதாவது ஒரு பக்க மூக்கால் இழுத்து மறுபக்க மூக்கால் விடுவதை, மூச்சை நிறுத்தாமல், இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்துச் செய்யலாம், மூக்கடைப்பு இருந்தால் அன்றைக்கு விட்டுவிடலாம். பிராமரி அம்மாவுக்கு ரொம்பப் பொருத்தம், ம்ம்ம் என்று ரீங்காரமிட்டபடி விடும்போது மூச்சு தானாக நீளும். ரீங்காரமிடும்போது மூக்கில் நைட்ரிக் ஆக்சைடு சும்மா மூச்சு விடுவதைவிட 15 மடங்கு கூடுகிறது என்று 2002இல் சுவீடனில் அளந்தார்கள், அது மூக்குப்புரைகளுக்கான (சைனஸ்) சங்கதி, நுரையீரல் குணமாகும் என்பதற்கான சான்று இல்லை, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் பாட்டில் ஆசை இருந்தால் அதுவும் பயிற்சிதான், திருப்பாதிரிப்புலியூர் கோயிலில் உட்கார்ந்து தேவாரம் பாடுகிற பெரியவர்களைக் கவனித்துப் பாருங்கள், ஒரு வரி முழுக்க ஒரே நீளமான வெளிமூச்சு.

கபாலபாதி, பஸ்திரிகா என்கிற வேகமூச்சுப் பயிற்சிகள் இரண்டும் கூடாது. வேகமாக மூச்சு விட்டால் காற்று உள்ளே மாட்டும் என்று பார்த்தோமே, இவை அதை வேண்டுமென்றே செய்வது மாதிரி ஆகிவிடும். மூச்சை உள்ளே நிறுத்திப் பிடிக்கிற கும்பகமும் கூடாது. 16 எண்ணி இழுத்து, 64 எண்ணி நிறுத்தி, 32 எண்ணி விடு என்கிற பழைய கணக்கு வருடக்கணக்கில் குருவிடம் பழகியவர்களுக்கானது.

ஆஸ்துமா உள்ளவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வரி: மூக்கால், மெதுவாக, குறைவாக மூச்சுவிடப் பழக்குகிற முறைகளால் ஆஸ்துமாவில் அன்றாட வாழ்க்கை நன்றாகவே லேசாகிறது, ஆனால் குழாய்களின் வீக்கம் அப்படியேதான் இருக்கும், அதற்கு இன்ஹேலர்தான்.

சளி நிறைய இருந்தால் காலையில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தொடர்ந்து இருமி இருமித் துப்பினால் குழாய்கள் மூடிக்கொள்ளும், களைப்புதான் மிஞ்சும். சும்மா நிதானமாகச் சில மூச்சு, பிறகு மூன்று நான்கு ஆழமான மூச்சு, ஒவ்வொன்றிலும் இழுத்த பிறகு அவரால் முடிந்தால் இரண்டு மூன்று நொடி நிறுத்தி (மேலே கூடாது என்றது நீண்ட கும்பகத்தை), பிறகு வாயையும் தொண்டையையும் திறந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆவி ஊதுவோமே, அந்த மாதிரி 'ஹா' என்று ஒன்றிரண்டு தடவை. சளி மேலே வந்தது தெரிந்ததும் ஒரே ஒரு இருமல். வெந்நீர் குடித்துவிட்டுச் செய்தால் எளிதாக வரும்.

இப்போது இத்தனைக்கும் மேலான ஒன்றைச் சொல்கிறேன், நடை. மூச்சுப் பயிற்சியை மட்டும் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தால் பலன் கால்வாசிதான். மூச்சு வாங்குகிறது என்று நடக்காமல் இருப்பார்கள், நடக்காததால் தொடைத் தசை இளைக்கும், இளைத்த தசை கொஞ்ச வேலைக்கே நிறைய ஆக்ஸிஜன் கேட்கும், அதனால் இன்னும் மூச்சு வாங்கும். நடை, தசைப் பயிற்சி, மூச்சுப் பழக்கம், நோயைப் பற்றிய புரிதல் எல்லாம் சேர்ந்த நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியைப் பற்றி 65 ஆய்வுகளைத் திரட்டி 2015இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற கோக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பில், மூச்சுத்திணறல் குறைகிறது, நடக்கும் தூரம் கூடுகிறது என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. அம்மாவுக்கு இப்படித் தொடங்குங்கள்: தெருவில் சமதரையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் நின்று குவித்த உதட்டு மூச்சு, மறுபடி நடை. மூச்சு வாங்கத்தான் செய்யும், வாங்க வேண்டும், ஆனால் நடந்துகொண்டே நாலு வார்த்தை பேச முடிகிற அளவில் நிற்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், மெதுவாக ஏற்றி 20-30 நிமிடம் வரை. கூடவே நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, ஐந்து தடவையில் தொடங்கி. உங்களோடு புதுச்சேரியில் வந்து தங்கினால் காலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகள் விடமாட்டார்கள், ஏற்றமே இல்லாத நீளமான தரை, நடுநடுவே உட்கார இடம், இவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இன்ஹேலரை நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். முதலில் அவர் அதைச் சரியாக எடுக்கிறாரா என்று பாருங்கள், ஏனென்றால் அதுவும் ஒரு மூச்சுப் பயிற்சிதான். அழுத்துகிற பம்ப் என்றால் முழுக்க மூச்சை விட்டுவிட்டு, ஸ்பேசர் வைத்து, அழுத்திய பிறகு மெதுவாக ஆழமாக இழுக்க வேண்டும். கேப்சூலைப் போட்டுத் திருகுகிற பொடி வகை என்றால் நேர்மாறு, வேகமாக, பலமாக இழுத்தால்தான் பொடி உள்ளே போகும். இரண்டிலும் பிறகு பத்து நொடி மூச்சைப் பிடிக்க வேண்டும், முடியாவிட்டால் முடிந்தவரை. ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்களை எடுத்துக் காட்டச் சொன்னால், பாதி மருந்து நாக்கிலேயே படிவதைக் கண்ணால் பார்க்கலாம். நடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் எடுக்க வேண்டிய பம்ப் எது என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புகை நிற்காமல் பயிற்சி மட்டும் செய்து பிரயோஜனம் இல்லை. கேஸ் இருந்தும் சிலிண்டரை மிச்சம் பிடிக்க வெந்நீருக்கு மட்டும் விறகு வைக்கிற வழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதை யாராவது மற்றவர் செய்யட்டும், அல்லது ஹீட்டர் ராடு வாங்கிக்கொடுங்கள். முந்திரி ஓட்டை அடுப்பெரிக்கக் கொண்டுவருவது கூடவே கூடாது. செவ்வாய், வெள்ளி சாம்பிராணியும் ராத்திரி கொசுவத்தியும் அம்மா இருக்கிற அறையில் வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி இரண்டையும் டாக்டரிடம் கேளுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே ஆக்ஸிமீட்டர் 88க்குக் கீழே நின்றால், உதடோ நகமோ நீலம் பூத்தால், பேச்சு குழறி அரைத்தூக்கமாக இருந்தால், ஒரு பக்க நெஞ்சு திடீரென்று குத்தி மூச்சு முட்டினால், சளியில் ரத்தம் வந்தால் எந்தப் பயிற்சியும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி அளவு கூடினால் அன்றோ மறுநாளோ டாக்டரைப் பார்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் புதிதாக இருமல், எடை குறைவு, மாலையில் காய்ச்சல் என்றால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

நீங்கள் புதுச்சேரியில் இருப்பதால் ஒருமுறை அம்மாவை அழைத்துவந்து கோரிமேட்டில் உள்ள அரசு மார்பு நோய் மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ காட்டுங்கள். ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட், எக்ஸ்ரே, இன்ஹேலர், ஸ்பேசர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள், அவர்கள் கண்முன்னால் அம்மா ஒரு தடவை இன்ஹேலர் எடுத்துக் காட்டட்டும், ஆறு நிமிட நடைச் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். எத்தனை மீட்டர் நடந்தார் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, எட்டு வாரம் கழித்து அதே சோதனையை மறுபடி செய்து பாருங்கள், 30 மீட்டர் கூடியிருந்தாலே நல்ல முன்னேற்றம் என்றுதான் நாங்கள் கணக்கில் எடுப்போம்.